நெளுக்குளத்துக் கிணற்றடியும் ஒரு தேக்கரண்டி பயற்றம் மாவும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் மேற்குப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் குருமன்காடு, வேப்பங்குளம் தாண்டி நெளுக்குளம் வந்துவிடும். அதற்கு அப்பால் பம்பைமடு. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக ஆரம்பிக்கப்பட்டு 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. இன்னும் போனால் பூவரசங்குளம், பிறகு செட்டிகுளம் பக்கம். பெயர்களைப் பாருங்கள், வேப்பங்குளம், நெளுக்குளம், பூவரசங்குளம் என்று எல்லாமே குளத்தில் போய் முடிகின்றன. குளத்தை நம்பி வயல், வயலை நம்பி வீடு என்று அமைந்த மண் இது. மாரியில் பச்சைப் பசேலென்று இருக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பினால் அதே ஊரில் செம்புழுதிதான் பறக்கும். வேலியில் நிற்கும் பூவரச இலையும் சிவந்து போய் நிற்கும்.

இந்த ஊரைப் பலர் 2009 இல்தான் முதன்முதலாக அறிந்தார்கள். வன்னியின் உள்ளே இருந்து வந்து சேர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியாப் பாடசாலைகளில் நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயமும் ஒன்று. செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை இந்த வீதியால் எத்தனை தண்ணீர்ப் பவுசர்கள் போய் வந்திருக்கும்! ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்ற எங்கள் பெண்களுக்கு அந்த நாளில் முகம் கழுவுவதே பெரிய காரியம். குடிக்க, சமைக்க, பிள்ளையைத் துடைக்க என்று பங்கு போட்டு மிஞ்சினால்தான் முகம். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் சிலர் தங்கள் முகத்துக்கு ஐந்து நிமிடம் செலவழிப்பதைக் களவு செய்வது போல எண்ணுகிறார்கள்.

வேலை நிமித்தம் நெளுக்குளத்துக்கும் அயல் கிராமங்களுக்கும் நான் மாதந்தோறும் போய் வருகிறேன். சிறுசேமிப்பு, பிள்ளைகளின் பாடசாலை வரவு, காணி உறுதி என்று கூட்டத்தில் கதைப்பதற்கு எப்போதும் விடயம் நிறைய இருக்கும். எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். அண்மையில் வயல் வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி என்னைத் தனியே அழைத்து, கைப்பையிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்துக் காட்டினார்.

“மிஸ், இதைப் பூசினா ஒரு கிழமையில வெள்ளையா வருமெண்டு சொல்லித் தந்தவை. முதல் நல்லா வந்தது. இப்ப வெயிலுக்கால போனா முகம் எரியுது.”

குப்பியில் எழுத்து இருந்தது. ஆனால் எங்கே செய்தது, என்ன சேர்த்தது, எப்போது காலாவதியாகும் என்ற ஒன்றும் அதில் இல்லை. களை பிடுங்கிய ஒரு நாள் கூலியை அதற்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய முகத்தில் இருந்ததெல்லாம் வெயிலும் புழுதியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கிய சொரசொரப்புத்தான். அந்தப் பழைய தோலை மெதுவாக அகற்றிவிட்டால் தெளிந்து வரக்கூடிய முகம். அதற்கு அந்தக் குப்பி தேவையே இல்லை.

இப்படியான குப்பிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விரைவில் வெள்ளையாக்கும் என்று விற்கப்படும் பெயர் ஊர் இல்லாத கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுவது உலகின் பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற பொருள் உண்டாவதைப் பாதரசம் தடுத்துவிடும். அதனால்தான் முதல் இரண்டு கிழமை “நல்லா வந்தது” என்று தோன்றுகிறது. ஆனால் அது தோலோடு நின்றுவிடுவதில்லை. உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும், நரம்பைத் தாக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும். பூசுகிற தாயின் தலையணையிலும் துவாயிலும் ஒட்டி வீட்டில் உள்ள குழந்தைக்கும் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்றே மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் யப்பானில் கையெழுத்தாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை 2020 உடன் நிறுத்துவதென்று முதலில் முடிவாகியது. அந்த அளவுகூட இருக்கக்கூடாது, 2025 உடன் முழுதாக நிறுத்த வேண்டும் என்று 2023 இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது, குப்பி எங்கள் கைப்பையில் இருக்கிறது!

எங்கள் மாவட்டத்துக்கு இது இன்னும் ஒரு படி பாரதூரமானது. காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு நில்லாமல் வவுனியாவிலும் காணப்படுகிறது என்பது நாங்கள் எல்லோரும் அறிந்ததே. ஏற்கனவே சிறுநீரகத்துக்கு ஆபத்து உள்ள ஊரில், காசு கொடுத்து இன்னொரு ஆபத்தை ஏன் முகத்தில் பூச வேண்டும்?

வேறு சில கிறீம்களில் ஸ்ரிரொய்ட் மருந்து கலந்திருக்கும். அது வைத்தியர் சில நாட்களுக்கு மட்டும் எழுதித் தர வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் மெல்லிய மயிரும் வரும். விட்டால் முன்பைவிடக் கூட எரியும். ஆகவே இப்படி ஒன்றைப் பல மாதம் பூசியவர்கள் வெட்கப்படாமல் அந்தக் குப்பியையும் கையோடு கொண்டுபோய் அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். குப்பியைப் பார்த்தால்தான் வைத்தியருக்கும் விளங்கும். அந்தத் தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன், அவர் போய்க் காட்டினார்.

பெயர் உள்ள பெரிய நிறுவனங்களின் கிறீம்களை இந்தப் பாதரசக் குப்பிகளோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அவற்றின் விளம்பரமும் ஒரு வேலை செய்துதான் இருக்கிறது. 1975 இல் இந்தியாவில் வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ தன்னுடைய பெயரை 2020 இல்தான் ‘க்ளோ அன்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. வெள்ளை என்ற சொல்லை எடுக்க நாற்பத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது. அந்த நாற்பத்தைந்து வருடமும் எங்கள் தாய்மாரும் நாங்களும் ‘கறுப்பி’ என்ற பட்டத்தோடு வளர்ந்து, சீதனப் பேச்சில் நிறத்துக்கு விலை வைத்ததையும் கேட்டு வந்திருக்கிறோம். சமூகவியல் படிக்கும்போது இதையெல்லாம் வேறு சொற்களில் எழுதிப் புள்ளி வாங்கினோம். வயல் வரம்பில் நிற்கும் ஒரு பெண் இதை ஒரு நாள் கூலியால் அளக்கிறாள்.

சரி, முகத்தில் என்னதான் நடக்கிறது? தோலின் மேற்பகுதி உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. இளம் வயதில் அடியில் பிறக்கும் ஓர் உயிரணு மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு கிழமை ஆகும். வயது போகப் போக இந்த ஓட்டம் மெதுவாகும். உதிர வேண்டியது உதிராமல் புழுதியோடும் எண்ணெயோடும் ஒட்டிக்கொண்டு நின்றால் முகம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரியும். அதை மெதுவாகத் தேய்த்து அகற்றுவதைத்தான் அழகு நிலையங்களில் ‘ஸ்கிரப்’ என்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. நீராட்டுக்கு அரப்பும் பயற்றம் மாவும் அரைத்து வைத்த எங்கள் பாட்டிமார் செய்ததும் அதே வேலைதான். சித்திரைப் புத்தாண்டுக்குக் கோவிலில் வாங்கித் தலையில் வைக்கும் மருத்துநீரையும், பிள்ளை பெற்ற தாய்க்கு நொச்சியும் பாவட்டையும் வேப்பிலையும் அவித்து வார்ப்பதையும் யோசித்துப் பாருங்கள். உடம்பைக் கவனிப்பது எங்கள் வழக்கத்தில் ஆடம்பரமாக இருந்ததில்லை.

நெளுக்குளத்தில் இன்னொரு காரணமும் உண்டு, கிணற்றுத் தண்ணீர். வவுனியாவின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, அதில் கல்சியம் கூட. சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் போடுவோம். அந்தச் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து மெல்லிய வெள்ளைப் படிவாகத் தோலிலேயே நின்றுவிடும். பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர்தான் இது. குளித்து வந்த பிறகு முகம் இழுத்துப் பிடித்து, சாம்பல் பூத்தது போலத் தெரிவது இதனால்தான். அது அழுக்கு என்று நினைத்து நாங்கள் மேலும் உரஞ்சுகிறோம். ஒரு அம்மா பீர்க்கங்கூட்டினால் முகத்தைத் தேய்த்துவிட்டு, “எரிஞ்சாத்தான் அழுக்குப் போகும் பிள்ளை” என்று எனக்கே பாடம் சொன்னார். பீர்க்கங்கூடு குதிக்காலுக்கும் முழங்கைக்கும் மிகவும் நல்லது. முகத்துக்கு அல்ல. எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுக்கு ஒரு குணம் இருக்கிறது. அதைக் காயப்படுத்தினால், காயம் ஆறிய இடம் முன்பைவிடக் கறுக்கும். வெள்ளையாக வேண்டும் என்று உரஞ்சி உரஞ்சிக் கறுப்பை வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே மென்மையானதும் மலிவானதும் எது? பல பொருட்களைப் பற்றி அக்காமார், தங்கச்சிமாரோடு கதைத்த பின் எனக்குத் திருப்தியாகப் படுவது பயற்றம் மாதான். வவுனியா மண்ணில் காலபோகத்தில் பயறும் உழுந்தும் நன்றாக விளையும். தைக்கும் மாசிக்கும் வீட்டில் ஒரு சுண்டு பயறாவது இருக்கும். பயற்றில் இயல்பாகவே சபோனின் என்ற, சற்று நுரைக்கும் பொருள் இருப்பதால் சவர்க்காரம் இல்லாமலே எண்ணெயை எடுக்கும். மாவின் துகள் தண்ணீரில் ஊறி மெதுமையாகிவிடும், சிப்பி போலவோ மணல் போலவோ கூர் இராது. பயறு விலை ஏறிய மாதத்தில் உழுந்து மாவோ பச்சை அரிசி மாவோ போதும். உழுந்து மா வழுவழுப்பானது, காய்ந்த தோலுக்கு இதமாக இருக்கும். அரிசி மா சற்றுக் கரகரப்பானது, எண்ணெய் வடியும் முகத்துக்குப் பொருந்தும்.

எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்தோம். ஒரு தேக்கரண்டி மா சுமார் 3 கிராம். கிழமைக்கு ஒரு தரம் என்றால் வருடத்துக்கு 52 தரம், 156 கிராம். கால் கிலோ பயறு ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் போதும். ஆனால் மா அவ்வளவு காலம் நல்லாய் இராது, வண்டு விழும், மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஐந்து பேர் சேர்ந்து கால் கிலோ அரைத்து, ஆளுக்கு 50 கிராம் எடுத்து மூன்று நான்கு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பயற்றைக் கோது நீக்கி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, அரைத்த பின் அரிதட்டினால் ஒரு தரம், மெல்லிய பருத்திச் சீலையால் இன்னொரு தரம் அரியுங்கள். விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் கரகரக்கக்கூடாது, முகப்பவுடர் போல இருக்க வேண்டும். அரிதட்டில் தங்கும் கப்பியை வீசாதீர்கள், குதிக்காலுக்கு அது உதவும். ஈரக் கரண்டி படாத மூடியுள்ள பேணியில் போட்டு வையுங்கள். மணம் மாறினால் மாட்டுக்கும் வேண்டாம், குப்பைக்குப் போடுங்கள்.

பாவிக்கும் விதமும் மாவைப் போலவே முக்கியம். பின்னேரம் வேலை முடிந்து வந்து செய்யுங்கள், காலையில் செய்துவிட்டு வெயிலுக்குள் இறங்கக் கூடாது. முதலில் முகத்தை வெறும் தண்ணீரால் நனைத்துப் புழுதியைப் போக்க வேண்டும். உலர்ந்த புழுதியோடு தேய்த்தால் தேய்ப்பது மா அல்ல, மணல். ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் தோசை மாப் பதத்துக்குக் குழைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனியால் பாரம் கொடுக்காமல் வட்டமாக ஒரு நிமிடம் மட்டும் தடவுங்கள். கண்ணைச் சுற்றி வேண்டாம். காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருந்து உரிக்கவும் வேண்டாம், அது தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கழுவிய பின் துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயமுன் தேங்காய் எண்ணெயில் இரண்டு துளி பூசலாம். பரு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயைத் தவிர்த்துச் சோற்றுக் கற்றாழையின் உட்சதையைத் தடவலாம், மஞ்சளாக வடியும் பாலை முதலில் கழுவிவிட வேண்டும். மழைத் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்தால் கடைசி ஒரு செம்பு அதால் கழுவிப் பாருங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். கிழமைக்கு ஒரு தரம் போதும். எண்ணெய்த் தோல் என்றால் இரண்டு தரம். அதற்கு மேல் வேண்டாம். எதையும் முதல் முறை பாவிக்கும்போது முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வர வேண்டும்.

தயிர் இருந்தால் தண்ணீருக்குப் பதில் ஒரு கரண்டி சேர்க்கலாம். தயிரில் உள்ள லக்ரிக் அமிலம் பழைய தோலின் ஒட்டை மெல்லத் தளர்த்தும். கடையில் விலை கூடிய குப்பிகளிலும் இதே அமிலம் சேர்ப்பதுண்டு. பிள்ளைக்குக் கொடுக்க இல்லாத தயிரை முகத்தில் பூசச் சொல்ல எனக்கு மனம் வராது. சட்டியை வழித்த தண்ணீரே போதும்.

மஞ்சள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சிறிதளவு சேர்ப்பதில் பிழை இல்லை. ஆனால் அது நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும். 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியபோது, மாவும் நிறமும் கலந்த மஞ்சள்தூள் சந்தையில் வந்ததையும், கடல் வழியாக மூட்டை மூட்டையாக வந்த மஞ்சளைக் கடற்படை பிடித்ததையும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். முகத்துக்கென்றால் கிழங்காக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள், அல்லது வளவில் நாலு கிழங்கு நடுங்கள். தமிழ்நாட்டில் நலங்கு மா என்று பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோசா இதழ் எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். அந்த ஆவாரைதான் எங்கள் பக்கத்து ஆவரசு. சில நலங்கு மாவில் கார்போகரிசியும் சேர்ப்பார்கள். அது வெண்படைக்குச் சித்த வைத்தியர் கொடுக்கும் மருந்துச் சரக்கு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் பொசுங்கக்கூடும். வயலுக்குப் போகும் எங்களுக்கு அது சேர்ந்த மா வேண்டாம்.

தேசிக்காயும் அப்படித்தான். முகத்தில் தேசிக்காய்ப் புளி தேய்க்கச் சொல்லி யார் சொன்னாலும் கேளாதீர்கள். புளிப்பு எரிப்பது ஒரு பக்கம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது கொப்புளம் வந்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும். அப்பச்சோடாவும் வேண்டாம், தோலுக்கு இருக்க வேண்டிய மெல்லிய புளிப்புத் தன்மையை அது அழித்துவிடும். உப்பு, சீனி, கோப்பிக் கப்பி மூன்றும் முகத்துக்குக் கரடு. கடையில் ஸ்கிரப் வாங்கியே ஆகவேண்டும் என்றால் கையில் தேய்த்துப் பாருங்கள். உமி குத்துவது போல இருந்தால் விடுங்கள். உறையில் பொலிஎதிலீன் என்று இருந்தாலும் விடுங்கள், அது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் மணி. அமெரிக்கா 2015 இல் சட்டம் இயற்றியும் பிரித்தானியா 2018 இலும் அதைத் தடை செய்தன. எங்கள் கிணற்றடித் தண்ணீர் வாழையடிக்குப் போய், மழைக்குக் குளத்துக்குத்தான் போகிறது. குளத்தில் பிளாஸ்ரிக் மணி போட்டுவிட்டு யாரிடம் போய் மீன் வாங்குவது?

மா கூடத் தொடக்கூடாத முகங்களும் உண்டு. பழுத்த பரு, சொறி, ஆறாத காயம் உள்ள இடத்தைத் தேய்க்காதீர்கள். கன்னத்தின் இரு பக்கமும் படரும் கருமை, தமிழகத்தில் மங்கு என்பார்கள், தேய்ப்பதால் போகாது, கூடும். அதற்கு நிழல்தான் முதல் மருந்து. முகத்திலோ உடம்பிலோ வெளிறிய தழும்பு வந்து அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. வேளைக்குப் போனால் இலவச மருந்தில் முற்றாகக் குணமாகும் நோய் அது.

ஷெல் துண்டு பட்ட வடு, எரிகாய வடு உள்ள சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வடுவில் உள்ள தோல் மற்றத் தோல் போல் அல்ல. வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே குறைவு, அதனால் சீக்கிரம் காயும், சீக்கிரம் கிழியும். அதைத் தேய்த்து மறைக்க முடியாது. தேங்காய் எண்ணெயோ வஸ்லினோ பூசி விரலால் மெதுவாக நீவலாம், வெயில் படாமல் சீலைத் தலைப்பால் மூடலாம். உள்ளே இன்னும் துண்டு இருக்கிறது என்று தெரிந்த இடத்தை அழுத்தக்கூடாது. வீங்கினால், சிவந்தால், காய்ச்சல் வந்தால் வவுனியாப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெற்றியில் வடு உள்ள ஒரு அக்கா, வடுவை விட்டுச் சுற்றி மா பூசும்போது, “இது என்ர பாஸ்போட், இதை அழிக்கேலாது” என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தோம்.

மாவைவிடக் கடினமான விடயம் ஒன்று மிஞ்சி இருக்கிறது. கணவனை இழந்த பெண் முகம் கழுவிப் பவுடர் போட்டு வெளிக்கிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். “மனுசன் இல்லாதவளுக்கு என்னத்துக்கு இந்தச் சோடிப்பு?” கேட்பவர்களில் பெண்களும் உண்டு. போர் முடிந்த பிறகு வாழ்வாதாரம் என்று எங்கள் பெண்களுக்குத் தையல், கேக், அழகுக்கலை என்ற மூன்றையும் மாறி மாறிப் பழக்கினோம். அழகுக்கலை பழகிய கைம்பெண் மணப்பெண்ணைச் சோடிக்கலாமா என்று அந்த ஊரே கேட்டபோது பயிற்சி தந்தவர்களிடம் பதில் இருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் நிலை இன்னும் சிக்கல். குங்குமம் வைத்தாலும் கேள்வி, வைக்காவிட்டாலும் கேள்வி. 2017 பெப்ரவரியில் வவுனியாவில் உறவினர்கள் வீதியோரக் கொட்டிலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஆண்டுக்கணக்காக வெயிலிலும் புழுதியிலும் இருந்த தாய்மாரின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. படத்தில் மகனின் முகம் பதினேழு வயதிலேயே நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் தாயின் முகம் நிற்கவில்லை.

நெளுக்குளத்தில் அப்படி ஒரு அம்மா எங்களோடு கிணற்றடிக்கு வரத் தயங்கினார். மா வேண்டாம், தனக்கு எதற்கு என்றார். பேத்தி விடவில்லை. “உங்கட முகம் எனக்கு வேணும் அம்மம்மா” என்று சொல்லிக்கொண்டு தன் சின்ன விரலால் அவருக்கு மாப் பூசிவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கழுவிய பிறகு கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “குளிருது” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் போனபோது பேணியில் மா முடிந்துவிட்டது என்று அவர்தான் முதலில் கேட்டார்.

மா முடிந்ததால் இந்த முறை ஐந்து பேருக்குப் பதில் பதினொரு பேர் பயறு சேர்த்திருக்கிறார்கள். அரைக்கக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆலையில் மிளகாய் அரைத்த கையோடு எங்கள் பயற்றைப் போட்டால் முகம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே காலையில் முதல் அரிசி அரைபடும்போதே போய்விட வேண்டும். அரிசிக்குப் பின்னால் போட்டு, முதலில் விழும் ஒரு பிடி மாவைத் தனியே எடுத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். ஆலைக்காரரிடம் முகத்துக்கென்று வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர் கல்லைத் துடைத்துத் தருவார்.